மண் வேண்டாம், ஒரு மரத்துண்டு போதும்... அம்மா வளர்க்கும் ஆர்க்கிட்!

எங்கள் வாடகை ஒப்பந்தத்தில் மொத்தம் 11 நிபந்தனைகள். அதில் 7-வது, 'பால்கனியில் மண் தொட்டிகள் வைக்கக் கூடாது.' ஹவுஸ் ஓனரைக் குறை சொல்ல முடியாது. எங்களுக்கு முன்பு குடியிருந்தவர்கள் வைத்த தொட்டிகளிலிருந்து தண்ணீர் இறங்கி, கீழ் வீட்டுக் கூரையில் காரை பெயர்ந்துவிட்டதாம். மூன்றாவது மாடி, மேற்குப் பார்த்த பால்கனி, 8 அடி நீளம், 3 அடி அகலம், வெளியே இரும்பு கிரில். சென்னையில் வேலை பார்க்கிற என் வயதுக்காரர்களுக்கு இதுவே பெரிய இடம். துணி காயப்போடலாம், நின்று மழை பார்க்கலாம். அதுவே போதும் என்றுதான் இருந்தேன், அம்மா வரும் வரை.

அம்மாவுக்கு ஊர், சேலம் மாவட்டம் ஆத்தூர். வீட்டைச் சுற்றி மா, முருங்கை, வாழை, செம்பருத்தி என்று எதையாவது வளர்த்துக்கொண்டே இருப்பார். அதோடு தையல் வேலை. அப்பா இறந்த பிறகு, அவர் தனியாக இருக்க வேண்டாம் என்று நானும் அண்ணனும் பேசிப் பேசி, போன வருடம் ஆனி மாதம் சென்னைக்கு அழைத்து வந்தோம். வரும்போது தையல் மெஷினைக் கொண்டுவந்தார். தோட்டத்தைக் கொண்டுவர முடியவில்லை.

காலையில் எழுந்ததும் ஒரு சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போவார். 30 வருடப் பழக்கம். அங்கே ஊற்ற எதுவும் இருக்காது. சொம்பைத் திரும்பக் கொண்டுவந்து சமையலறையில் வைத்துவிடுவார். இதை நான் மூன்று நாள் பார்த்தேன். நான்காவது நாள் என்னவென்று கேட்டேன்.

"உன் மேல புல்லுருவியாட்டம் ஒட்டிக்கிட்டு இருக்கேன் கண்ணு. தை பொறந்ததும் ஊருக்கே போயிடறேன்" என்றார்.

அங்கே பூட்டிய வீடு. பக்கத்தில் பேச்சுத்துணைக்குக்கூட ஆள் இல்லை. ஆனால், அம்மா ஒன்று சொன்னால் செய்துவிடுவார். தை மாதத்துக்கு ஆறு மாதம் இருந்தது.

புல்லுருவி இல்லை, தொற்றுத் தாவரம்

அந்த வாரம் டிஜிட்டல் டெஸ்க்கில் எனக்கு வந்த வேலைகளில் ஒன்று, மண்ணில்லாமல் வளரும் செடிகள் பற்றிய போட்டோ ஸ்டோரி. படங்களைத் தேடும்போது ஒன்றில் கண் நின்றது. ஒரு சின்னப் பலகை, அதன் மேல் கட்டப்பட்ட ஆர்க்கிட் செடி, பலகையைப் பிடித்தபடி வெள்ளை வேர்கள். தொட்டி இல்லை, மண் இல்லை. சுவரில் காலண்டர் மாட்டுவது போல மாட்டியிருந்தார்கள்.

பிளஸ் ஒன்னில் உயிரியல் படித்தவர்களுக்கு 'வாண்டா' என்ற பெயர் நினைவிருக்கும். தொற்று வேர்களுக்கு உதாரணமாக எழுதி மதிப்பெண் வாங்கிய அதே வாண்டா ஆர்க்கிட்தான். இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி, இந்தியாவில் 1,256 வகை ஆர்க்கிட்கள் உள்ளன. அவற்றில் 757 வகைகள் மரத்தின் மேல் வாழ்பவை. அதாவது, நாம் தொட்டியில் திணித்து வளர்க்கும் பல ஆர்க்கிட்களுக்கு மரப்பட்டைதான் சொந்த வீடு.

படத்தைக் காட்டியதும் அம்மா சொன்னார், "இது நம்ம மாமரத்துல இருக்கறதுதானே? உங்கப்பா இதைப் புல்லுருவின்னு சொல்லி வருஷா வருஷம் சுரண்டி எறிவாரு. ஆனா, அடுத்த கிளையில மறுபடி இருக்கும்."

அப்பா மட்டுமல்ல, நம்மில் பலரும் இப்படித்தான் நினைக்கிறோம். புல்லுருவி வேறு. அதன் பழத்தைத் தின்னும் பறவைகள், பிசுபிசுப்பான விதையைக் கிளையில் ஒட்டிவிடும். அது முளைத்து, கிளைக்குள்ளேயே உறிஞ்சு வேரை இறக்கி, மரத்தின் தண்ணீரையும் சத்தையும் எடுக்கும். அது ஒட்டுண்ணி. ஆர்க்கிட்டின் வேர் மரத்துக்குள் போவதே இல்லை. பட்டையின் மேல் படர்ந்து பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். தண்ணீர் மழையிலிருந்தும் பனியிலிருந்தும் கிடைக்கும். இலைச்சருகும் பறவை எச்சமும் கரைந்து வருவதில் சத்து கிடைக்கும். மரத்திடமிருந்து அது வாங்குவது, நிற்க ஓர் இடமும் கொஞ்சம் வெளிச்சமும்தான்.

இதைச் சொன்னதும் அம்மா கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "அப்ப அது மரத்துக்குக் கெடுதல் இல்லையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "உங்கப்பா பாவம், வீணா ஏறி எறங்கினாரு" என்று சிரித்தார். சென்னைக்கு வந்த பிறகு அவர் அப்படிச் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

எதில் கட்டுவது, எப்படிக் கட்டுவது?

சென்னை போன்ற சூடான ஊர்களில் ஆரம்பிப்பவர்களுக்கு டென்ட்ரோபியம் கலப்பின வகைகள் ஏற்றவை. வெயிலைத் தாங்கும், வருடத்தில் ஒரு முறைக்கு மேலும் பூக்கும். வாண்டாவும் நன்றாக வரும், ஆனால் தண்ணீர் அதிகம் கேட்கும். கடைகளில் பூவோடு விற்கும் ஃபலனோப்சிஸ் அழகுதான். இரவிலும் வெக்கை குறையாத ஊரில் அதை மறுபடி பூக்கவைப்பது கொஞ்சம் கஷ்டம். நான் ஒரு நர்சரியில் டென்ட்ரோபியம் செடிகள் மூன்று வாங்கினேன். ஒன்று 250 ரூபாய்.

மரத்துண்டுக்குக் காசே ஆகவில்லை. தெருமுனைத் தச்சுப்பட்டறையில் தேக்குக் கழிவுத்துண்டுகள் கிடைத்தன. தேக்கு தண்ணீர் பட்டாலும் சீக்கிரம் மக்காது. மா, கொய்யாக் கிளைகளும் பயன்படும். சொரசொரப்பான பட்டையில் வேர் நன்றாகப் பிடிக்கும், ஆனால் சில வருடங்களில் அது உளுத்துவிடலாம். வார்னிஷ், பெயின்ட், கரையான் மருந்து பட்ட மரம் மட்டும் வேண்டாம். தேங்காய் மட்டையில் கட்டுவதாக இருந்தால், ஒரு வாரம் தண்ணீரில் ஊறப்போட்டு, தினமும் தண்ணீரை மாற்றி, சாயமும் உப்பும் இறங்கிய பிறகு பயன்படுத்த வேண்டும்.

கட்டுவதற்கு நல்ல நேரம், செடியின் அடியில் புது வேர் முனைகள் பச்சையாக எட்டிப் பார்க்கும்போது. தொட்டியிலிருந்து எடுத்து, பழைய கலவையை உதறி, அழுகிய வேர்களைச் சுத்தமான கத்தரியால் நீக்க வேண்டும். அழுத்தினால் கொழகொழவென்று இருப்பது அழுகிய வேர், கெட்டியாக இருப்பது நல்ல வேர். பலகையில் கொஞ்சமாகத் தேங்காய் நார் வைத்து, அதன் மேல் செடியை வைத்து, தூண்டில் நரம்பால் இறுக்கிக் கட்ட வேண்டும். செடி ஆடவே கூடாது. ஆடினால் புது வேர் முனை மரத்தில் உரசி உரசி ஒடிந்துவிடும்.

இதையெல்லாம் நான் படித்துச் சொன்னேன். கட்டியது அம்மாதான். நரம்பை நேரடியாகப் போட அவர் விடவில்லை.

"நூல் நேரா வேர்ல பட்டா அறுத்துடும். நடுவுல துணி கொடுக்கணும்" என்று பழைய பருத்திப் புடவையைக் கிழித்து, விரல் அகலத்துக்கு மடித்து, வேரின் மேல் வைத்து, அதற்கு மேல் நரம்பைச் சுற்றினார். முடிச்சு பலகையின் பின்பக்கம் போனது. 30 வருடம் கொக்கி தைத்த கை. மூன்று செடிகளையும் கட்டி முடிக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

டென்ட்ரோபியத்தை நிமிர்த்திக் கட்டலாம். ஃபலனோப்சிஸ் மாதிரி நடுக்குருத்து உள்ள செடியென்றால் குருத்து கீழ்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் குருத்தில் தேங்கி அழுகிவிடும். காட்டில் அது மரத்தில் அப்படித் தொங்கித்தான் வளர்கிறது.

வேரே சொல்லும், தாகமா இல்லையா என்று

மரத்துண்டில் கட்டிய ஆர்க்கிட்டுக்கு ஒரு வசதி, வேர் அழுகும் பயம் குறைவு. ஒரு சிரமம், ஈரத்தைப் பிடித்துவைக்க மண் இல்லை. அதனால் தண்ணீர் விஷயத்தில் லீவே கிடையாது.

ஆர்க்கிட் வேரின் மேல் 'வெலாமன்' என்ற பஞ்சு போன்ற உறை இருக்கிறது. காய்ந்திருக்கும்போது அதன் செல்களில் காற்று நிறைந்து, வேர் வெள்ளி நிறத்தில் தெரியும். தண்ணீர் பட்டதும் உறிஞ்சிக்கொண்டு பச்சையாகிவிடும், உள்ளே இருக்கும் பச்சையம் வெளியே தெரிவதால். வேர் வெள்ளையாக இருந்தால் தாகம், பச்சையாக இருந்தால் போதும். விரலை விட்டு மண்ணைச் சோதிக்க வேண்டியதில்லை. அறைக்குள் நின்றே கண்ணால் பார்த்துச் சொல்லிவிடலாம்.

அம்மாவின் முறை இது. காலை ஆறரைக்கு ஒரு பக்கெட்டில் தண்ணீர். செடியைப் பலகையோடு எடுத்து 10 நிமிடம் முக்கிவைப்பது. பிறகு பக்கெட்டின் மேலேயே சொட்டவிட்டு, சொட்டு நின்றதும் கிரில்லில் மாட்டுவது. கீழ் வீட்டுக்கு ஒரு துளி போவதில்லை. கோடையில் மாலை நான்கு மணிக்கு இன்னொரு முறை ஸ்பிரே. இருட்டிய பிறகு தண்ணீர் கிடையாது. இலை இடுக்கில் ஈரம் தங்கினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். ஏதாவது செடியில் அழுகலோ கரும்புள்ளியோ தெரிந்தால், அதை மற்றவற்றோடு ஒரே பக்கெட்டில் முக்கக் கூடாது. நோய் தண்ணீர் வழியே பரவும்.

எந்தத் தண்ணீர் என்பது சென்னையில் முக்கியமான கேள்வி. எங்கள் போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம். உப்பு படியப் படிய வேர் முனை கருகும். மழைத்தண்ணீர் கிடைத்தால் அதுதான் முதல் தேர்வு. அடுத்தது ஆர்.ஓ. தண்ணீர். ஆனால், ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீரை மிச்சம் பிடிக்கிறேன் என்று இதற்கு ஊற்றிவிடாதீர்கள். வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

சாப்பாடு ரொம்பக் குறைவு. நர்சரிகளில் கிடைக்கும் 19:19:19 கரையும் உரத்தில் அரை கிராம், ஒரு லிட்டர் தண்ணீருக்கு, வாரம் ஒரு முறை. மறுநாள் வெறும் தண்ணீரில் நன்றாக அலசல். மாட்டுச்சாணம், மண்புழு உரமெல்லாம் மண்ணில் வாழும் செடிக்கு. இதற்குப் பூசினால் வேரின் மூச்சை அடைத்துவிடும்.

மேற்கு வெயிலுக்கு 50 சதவிகித நிழல்வலை கட்டினோம். இலையின் நிறம் பார்த்து வெளிச்சத்தைச் சரிசெய்யலாம். கரும்பச்சையாக இருந்தால் வெளிச்சம் போதவில்லை, பூ வராது. மஞ்சளாக வெளுத்தால் வெயில் அதிகம். இளம்பச்சைதான் சரி. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் செடிகளைச் சாரல் படாத உள்பக்கம் மாற்றி, ஃபேன் காற்று படும்படி வைத்தோம். மழை நாளில் அம்மா ஒவ்வோர் இலையையும் திருப்பிப் பார்ப்பார். வெள்ளையாக மாவுப்பூச்சி தெரிந்தால், சோப்புத் தண்ணீரில் சில சொட்டு வேப்பெண்ணெய் கலந்து பஞ்சால் துடைப்பார்.

காட்டுச் செடி வேண்டாம் மாமா!

கார்த்திகையில் மாமா ஊரிலிருந்து வந்தார். அக்காவுக்கு ஆர்க்கிட் மேல் ஆசை என்று கேள்விப்பட்டு, மலையடிவாரத்துச் சாலையோரத்தில் யாரோ சாக்கில் வைத்து விற்றதில் நான்கு செடிகள் வாங்கி வந்திருந்தார். வேரோடு மரப்பட்டையும் பாசியும் ஒட்டியிருந்தன. இலைகள் கிழிந்து, வயதான செடிகள். நர்சரிச் செடி அப்படி இருக்காது. சின்னத் தொட்டியில், ஒரே அளவில், இலையில் கீறல் இல்லாமல் இருக்கும்.

மாமா ஆசையாகக் கொண்டுவந்ததை எப்படி வேண்டாம் என்பது? ஆனால், சொல்ல வேண்டியிருந்தது. ஓர் ஆர்க்கிட் காயில் தூசு போன்ற விதைகள் ஏராளமாக இருக்கும். ஆனால், அந்த விதைக்குள் முளைக்கத் தேவையான சேமிப்பு உணவு இல்லை. ஒரு குறிப்பிட்ட வகைப் பூஞ்சை வந்து சேர்ந்தால்தான் காட்டில் அது முளைக்கும். அப்படி முளைத்ததும் பூக்கும் அளவுக்கு வளரப் பல வருடங்கள் ஆகும். சாக்கில் போட்டு விற்கும் ஒவ்வொரு செடியும் அந்தக் காட்டுக்கு அத்தனை வருட இழப்பு.

1922-ல் லூயிஸ் நட்சன் என்ற அமெரிக்க விஞ்ஞானி, பூஞ்சை இல்லாமலே சர்க்கரை கலந்த ஊடகத்தில் ஆர்க்கிட் விதைகளை முளைக்கவைக்கலாம் என்று காட்டினார். அதன் பிறகுதான் ஆய்வகத்தில் ஆயிரக்கணக்கில் வளர்த்து எல்லோருக்கும் விற்க வழி பிறந்தது. இன்று நாம் 250 ரூபாய்க்கு ஒரு செடி வாங்க முடிகிறதென்றால் காட்டைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. ஆர்க்கிட் குடும்பம் முழுவதும் சைட்ஸ் சர்வதேச வணிக ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. நீல வாண்டா, சிவப்பு வாண்டா, லேடீஸ் ஸ்லிப்பர் போன்றவை நம் நாட்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்திலும் இடம்பெற்றவை. காப்புக்காட்டிலிருந்து செடி எடுப்பதும் குற்றம்தான். காட்டு ஆர்க்கிட்களைப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு ஏற்காட்டில் தேசிய ஆர்க்கிடேரியம் இருக்கிறது.

மாமா முகம் சுண்டிவிட்டது. "காசு குடுத்துத்தானே வாங்கினேன்" என்றார். அம்மாதான் பேசினார். "நீ தெரிஞ்சா வாங்கின? ஆனா, இங்க வேணாம்டா தம்பி. இந்தச் சூட்டுல செத்துடும். திரும்ப எடுத்துட்டுப் போய் நம்ம மாமரத்துலயும் புளியமரத்துலயும் கட்டிடு. மழைக்காலந்தானே, பொழைச்சுக்கும்." புடவைத் துணி வைத்து எப்படிக் கட்டுவது என்று சொல்லியும் கொடுத்தார். மாமா மூன்று நாள் இருந்துவிட்டு, செடிகளோடு ஊருக்குப் போனார். நான்கில் இரண்டு பிழைத்தன.

தை பிறந்தது

மார்கழியில் எனக்குள் ஒரு பதற்றம். தை பிறந்தால் போய்விடுவேன் என்று சொன்னவர், அதன் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மறந்துவிட்டாரா, முடிவு செய்துவிட்டாரா, தெரியவில்லை. கேட்கவும் பயம்.

அந்த நாள்களில்தான் முதல் வேர் மரத்தைப் பிடித்தது. ஆபீஸில் இருந்தபோது வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. அம்மா அனுப்பிய முதல் படம் அது. பாதி அவர் கட்டைவிரல், மீதியில் தேக்குத்துண்டு. அதன் மேல் பச்சை முனையோடு ஒரு வேர், பலகையில் தட்டையாக ஒட்டிப் படர்ந்திருந்தது. கூடவே வாய்ஸ் மெசேஜ், "புடிச்சுக்கிச்சு கண்ணு. இழுத்துப் பாத்தேன், வரலை." இழுத்தெல்லாம் பார்க்காதே என்று பதில் அனுப்பினேன்.

பொங்கலுக்கு ஊருக்கு டிக்கெட் போட உட்கார்ந்தேன். "உனக்கு எத்தனை நாள்ம்மா?" என்று முடிந்த அளவு சாதாரணமாகக் கேட்டேன்.

"அஞ்சு நாள். திரும்பி வர்றதுக்கும் சேர்த்தே போடு. அதுக்கு மேல இதுங்களை உன்கிட்ட விட்டா காய வெச்சுடுவே."

அந்த ஐந்து நாளும் காலை ஆறரைக்கு எனக்கு போன் வந்தது. "பக்கெட்டுல போட்டியா? பச்சையாச்சா?" அப்பாவின் மாமரத்து ஆர்க்கிட்டையும் வீடியோ காலில் காட்டினார். பெயர் வாண்டா டெஸ்ஸலேட்டா. சமவெளி வெயிலையும் தாங்கும் நம்மூர் வகை. பூக்கும்போது பச்சையும் பழுப்பும் கலந்த இதழில் கட்டம் கட்டமாகக் கோடுகள், நடுவில் நீலம் தோய்ந்த ஊதா. நல்ல வாசனையும் உண்டு. அதில் ஒன்றைச் சென்னைக்குக் கொண்டுவரலாமே என்று மாமா கேட்டிருக்கிறார். "அது அங்கயே இருக்கட்டும். நாந்தான் வந்து பாத்துட்டுப் போறேனே" என்றாராம் அம்மா.

இப்போது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆத்தூர் போகிறார், ஐந்து நாள் இருந்துவிட்டு வருகிறார். எந்த வீடு சொந்த வீடு என்று நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

பங்குனியில் முதல் பூங்கொத்து வந்தது. ஊதாவும் வெள்ளையுமாக ஏழு பூக்கள். பூவைவிட அம்மாவுக்குப் பெருமை வேறொன்றில். இன்னொரு செடியின் தண்டின் மேலேயே வேரோடு ஒரு குட்டிச் செடி முளைத்திருக்கிறது. இதை 'கெய்கி' என்பார்கள், ஹவாய் மொழியில் குழந்தை என்று அர்த்தம். அதன் வேர்கள் இரண்டு அங்குலம் வளர்ந்ததும் வெட்டித் தனியாகக் கட்டலாம். கீழ் வீட்டு அக்கா அதை இப்போதே கேட்டு வைத்திருக்கிறார். அம்மா அவர் வீட்டுப் பால்கனியை எட்டிப் பார்த்து வெயில் எவ்வளவு நேரம் வருகிறதென்று கணக்கெடுத்துவிட்டார். தச்சுப்பட்டறையிலிருந்து பலகையும் வந்துவிட்டது. வேர்தான் இன்னும் அரை அங்குலம் வளர வேண்டும்.